எது கரிசலாங்கண்ணி?

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் கரிசலாங்கண்ணி, சுருக்கமாகக் கரிசாலை, இரண்டு வகை. வெள்ளைப் பூ எண்ணெய்க்கு, மஞ்சள் பூ கீரைக்கு. இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அப்பாயி கூடையைக் கையில் கொடுத்து, இன்றைக்கு எது வேண்டும் என்று மட்டும் சொல்லி வாய்க்கால் கரைக்கு அனுப்புவார். மற்றது நமக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வெள்ளையை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, உரலில் இட்டு இடித்துத் துணியில் பிழிவார். பச்சையாக வடிகிற சாறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். பிழிந்த கை இரண்டு நாளைக்குச் சாயம் போகாது. அந்தச் சாற்றைத் தேங்காயெண்ணெயில் விட்டுச் சிறுதீயில் காய்ச்ச வேண்டும். சடசடப்பு அடங்கி, அடியில் தங்கும் மண்டியை விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருடும் மணற்பதத்தில் இறக்கிவிட வேண்டும். முன்னால் இறக்கினால் எண்ணெய் சீக்கிரம் கெடும், தாமதித்தால் கருகும். அடுப்படியை விட்டு அப்பாயி நகராத பொழுது அது. மஞ்சளுக்கு இவ்வளவு பாடு கிடையாது. கிள்ளி வந்து, ஆய்ந்து, பாசிப்பருப்போடு வேகவைத்துச் சின்ன வெங்காயம் தாளித்தால் கூட்டு.

எங்கள் தெருவில் வடலூருக்குப் போய்வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். அன்றாட ஒழுக்கத்துக்கு வள்ளலார் எழுதிவைத்த விதிகளில் வரும் பொற்றலைக் கையாந்தகரை மஞ்சள் பூக்கிற கரிசாலைதான் என்பதில் அவருக்கு இம்மியும் ஐயம் இல்லை. அந்தக் கீரைக்காகவே எங்கள் கொல்லைக்கு வருவார். பக்கத்திலேயே வெள்ளை தளதளவென்று நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இவர்கள் யாரும் பூவைப் பார்த்துப் பறித்தவர்கள் அல்லர். பூக்காத பருவத்திலும் அப்பாயியின் கை தப்பாது. வெள்ளையை அவர் பிடுங்குவார், மஞ்சளைக் கிள்ளுவார். சிறுவயதில் இதை அவருடைய பழக்கம் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். வெள்ளை பெரும்பாலும் ஓராண்டுச் செடி. விதையில் முளைத்து, காய்த்து, காய்ந்துபோகும். பிடுங்கினாலும் அடுத்த ஈரத்துக்கு உதிர்ந்த விதையிலிருந்து புதிதாக வரும். மஞ்சள் பல்லாண்டுக் கொடி. தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நுனியைக் கிள்ளினால் கிளைக்கும், பிடுங்கினால் வரப்பில் அந்த இடம் காலியாகிவிடும். தாவரவியல் நூல்களில் முதல் வரியிலேயே வரும் வேறுபாடு இது. அப்பாயியிடம் அது விரல் செய்கிற வேலையாக இருந்தது.

திருச்சிக்குப் படிக்கப் போனபோது எனக்கு வாய்த்த பேராசிரியர், சூரியகாந்திக் குடும்பத்தைத் தவிர உலகில் வேறு குடும்பமே இல்லை என்கிற அளவுக்கு அதில் தோய்ந்தவர். ஆஸ்டரேசி என்று இப்போது சொல்லப்படும் அதன் பழைய பெயர் காம்பாசிட்டே. உலகில் 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. பூக்கும் தாவரங்களில் அளவில் அதனோடு போட்டி போடக்கூடியது ஆர்க்கிட் குடும்பம் ஒன்றுதான். முதல் வகுப்புக்கு அவர் கிணற்றடிப் பூண்டைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாத்தாப்பூ என்று சொல்லி, கட்டைவிரலால் தலையைத் தெறிக்கவிட்டு விளையாடுவார்களே, அதுதான். நூலில் ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். மெக்சிகோவிலிருந்து வந்து, இன்றைக்குத் தமிழ்நாட்டில் அது இல்லாத ரயில் பாதையோரம் இல்லை.

"இது எத்தனை பூ?" என்று கேட்டார். ஒன்று என்றோம். ஊசியால் பிரித்துத் தாளில் அடுக்கினார். நடுவில் மஞ்சளாக இருந்தவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குழல். ஒவ்வொன்றுக்கும் சூலகம், மகரந்தக் குழாய், இரண்டாகப் பிளந்த சூல்முடி. சுற்றிலும் இதழ்கள் என்று நாங்கள் நினைத்திருந்த வெண்ணிற நாக்குகள் ஐந்தும் ஐந்து தனிப் பூக்கள். ஓரத்துக்குக் கதிர்ச் சிறுமலர் என்றும், நடுவிலிருப்பதற்கு வட்டச் சிறுமலர் என்றும் பெயர் சொன்னார். பிறகு இன்னொரு தலையை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் பச்சையாக இரண்டு சுற்றுச் செதில்கள், வெளிப்புறம் மயிர் அடர்ந்திருந்தது. "பூவடிச் செதில். இந்தக் குடும்பத்தில் அடையாளம் கேட்கிறவங்க முதல்ல இங்கதான் வரணும். முகத்தை அப்புறம் பார்க்கலாம், திருப்பிப் பாருங்கம்மா" என்றார். அதன் பிறகு வயலில் யாராவது ஒரு மஞ்சள் பூவை நீட்டி இது என்ன சார் என்றால், பதில் சொல்லாமல் அதை அவர்கள் கையிலேயே கவிழ்த்துவைத்துவிடுவார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது நெய்ச்சட்டிக் கெண்டையிலும் முயல்செவியிலும். இரண்டும் ஊதாப் பூ, இரண்டும் காய்த்தால் வெள்ளைப் பஞ்சாகக் காற்றில் போகும், இரண்டுமே பாதையோரம் முழங்கால் உயரம். மேலிருந்து பார்த்தால் மயங்கத்தான் செய்யும். கவிழ்த்துப் பார்த்தால் முயல்செவியில் செதில்கள் ஒரே வரிசை, எல்லாம் ஒரே உயரம், ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைக் குழலாக நிற்கும். நெய்ச்சட்டிக் கெண்டையில் ஓடு வேய்ந்ததுபோலப் பல வரிசை, வெளியே குட்டை, உள்ளே நெட்டை. முயல்செவியின் மேல் இலைகள் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும் என்பது கூடுதல் சாட்சி. லென்ஸ்கூட வேண்டாம்.

லென்ஸ் வேண்டியிருந்தது வெள்ளைக் கரிசாலைக்கு. வீட்டில் கூடை கூடையாகப் பிடுங்கிய செடியை ஆய்வக மேசையில் வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலை ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுகூட இல்லை. ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும் கதிர்ச் சிறுமலர்கள் மிக மெல்லியவை, நெருக்கமாக இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் அளவு. கிணற்றடிப் பூண்டிலோ ஐந்தாறுதான், அகலமாக, நுனியில் மூன்று பல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தையும் பிரித்துவிடும். எனக்கு அதிசயமாக இருந்தது நடுவில். சூரியகாந்திக் குடும்பத்தின் வட்டச் சிறுமலருக்குப் பொதுவாக ஐந்து மடல். வெள்ளைக் கரிசாலையில் நான்கு. ஒன்றைப் பிரித்தேன், நான்கு. இன்னொன்று, நான்கு. நாலு பல் கொண்ட அந்தக் குழல், அரிசிக் குருணையில் பாதி அளவுகூட இல்லாத ஒரு பொருள், எந்தப் பெரிய புத்தகத்தையும்விட உறுதியாக அந்தச் செடியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மகிழ்ச்சி இன்றும் எனக்குக் குறையவில்லை.

சிறுமலர்களுக்கு இடையில் இன்னொன்று இருக்கிறது. தலையின் மேடையில் ஒவ்வொரு சிறுமலருக்கும் துணையாக ஒரு செதில். வெள்ளைக் கரிசாலையில் அது நார் அளவுக்கு மெல்லியது. மஞ்சளில் அது நடுவில் மடிந்து, தன் சிறுமலரின் அடியை அணைத்துப் பிடித்திருக்கும். காயும் அப்படியே. கிணற்றடிப் பூண்டின் காய்க்கு இறகு விட்ட மயிர்க்குஞ்சம் உண்டு, அதனால் அது பறக்கும். வெள்ளைக் கரிசாலையின் காய்க்குக் குஞ்சம் கிடையாது. சொரசொரப்பான சிறு கறுப்பு மணி, காலடியிலேயே உதிரும், வாய்க்கால் நீர் கொண்டுபோகும். அது ஏன் நீரோரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது என்பதற்கு அந்தக் காயே ஒரு விடை என்று பேராசிரியர் சொன்னார்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-இல் அருட்தந்தை கே. எம். மேத்யூ தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களுக்கு மேத்யூ எழுதிய பெருநூல் 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்துக்குக் கைநூல் என்றால் 1915-இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல்தான். அலமாரியைத் திறந்து ஒரு மடிப்பை எடுத்துவைத்தார்கள். உலர்ந்த வெள்ளைக் கரிசாலைகள், தாளுக்குத் தாள். எல்லாமே கறுப்பு. மற்றச் செடிகள் பழுப்பாகவும் வெளிர்பச்சையாகவும் காய்ந்து கிடக்கும் அலமாரியில் இது மட்டும் கறுப்பு. அப்பாயியின் உள்ளங்கையில் பார்த்த அதே நிறம் நாற்பத்திரண்டுக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர் தாளில் ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு வீடும் வகுப்பும் எனக்கு வேறு வேறாக இல்லை.

அங்கே கற்ற இன்னொன்றும் முக்கியமானது. வேறுபாடு கண்ணில் பட்டதெல்லாம் வேறு இனம் ஆகிவிடாது. வெள்ளைக் கரிசாலை சேற்று வயலில் நிமிர்ந்து நிற்கும். மிதிபடும் காய்ந்த வரப்பில் அதுவே தரையோடு படுத்துவிடும். லின்னேயஸ் 1753-இல் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வைத்தார். அவர் முன் இருந்தவை உலர்ந்த துண்டுகள். எங்கள் ஊர் வயலை அவர் பார்த்திருந்தால் ஒரே வரப்பில், ஒரே வேரில், நிமிர்ந்த கிளையையும் படுத்த கிளையையும் கண்டிருப்பார். இன்றைக்கு எக்லிப்டா ஆல்பா, எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா இரண்டும் ஒரே செடி என்று ஏற்றுக்கொண்டு, புரோஸ்ட்ராட்டா என்ற பெயரைக் கொள்கிறார்கள். தலைமுடி எண்ணெய்ப் புட்டிகளின் ஒட்டுத்தாளில் பழைய ஆல்பா இன்னும் இருக்கிறது. இரண்டு பெயரைப் பார்த்து இரண்டு மூலிகை என்று எண்ணிக் கவலைப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே நான் ஆசிரியையாக வேலை பார்த்த காலத்தின் ஒரு பகுதி போயிற்று.

கொடைக்கானல் போனபோது இதற்கு நேர்மாறான பாடம். மலைப்பாதை நெடுக நீலமும் ஊதாவும் கலந்த பஞ்சுத் தலைகள். எல்லாம் ஒன்று என்று வண்டியில் இருந்த எல்லாரும் சொன்னோம். செண்பகனூரில் இறங்கிப் பறித்தால் இரண்டு. அஜெரேட்டம் கோனிசாய்ட்ஸ் ஒன்று, அஜெரேட்டம் ஹூஸ்டோனியானம் மற்றது. இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை, பின்னது தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து வேலி தாண்டியது. கோனிசாய்ட்ஸின் இலை தண்டோடு சேரும் இடத்தில் குறுகியோ வளைந்தோ முடியும். ஹூஸ்டோனியானத்தில் அந்த இடம் உள்வாங்கி நெஞ்சு வடிவம் கொள்ளும். ஆனால் இலையில் இடைப்பட்ட வடிவங்கள் நிறைய வரும். ஐயம் தீர்வது கவிழ்த்த பிறகுதான். கோனிசாய்ட்ஸின் பூவடிச் செதில் ஏறக்குறைய வழவழப்பு, நுனியில் திடீரென்று கூராகும். ஹூஸ்டோனியானத்தின் செதில் முழுக்கப் பிசுபிசுப்பான சுரப்பி மயிர், நுனி மெல்ல மெல்ல ஒடுங்கும். லென்ஸை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தோம். வண்டி ஓட்டுநர் அண்ணனும் வாங்கிப் பார்த்தார். இரண்டாவது பூவைப் பார்த்ததும், "இதுல ஒட்டுது சார், அதுல ஒட்டல" என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை ஒரே வரியில் சொன்னார்.

மஞ்சள் கரிசாலைக்கு வருகிறேன். என் மனத்தில் இந்தக் குடும்பத்தைப் பற்றிய எல்லா நினைவும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது, இன்றைய கவலையும் அதைப் பற்றித்தான்.

நான் படித்தபோது அதன் பெயர் வெடீலியா. சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் உழைத்தவர்களும் 1956-இல் இந்தச் செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். செடியின் பெயராலேயே அதற்கு வெடிலோலாக்டோன் என்று பெயர். பின்னாளில் அதே பொருள் வெள்ளைக் கரிசாலையிலும் இருப்பது தெரிந்தது. ஒரே கிளைக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளை நம் முன்னோர் ஒரே பெயரின் கீழ் வைத்து, நிறத்தால் மட்டும் பிரித்ததில் ஒரு நுட்பம் இருந்தது என்று இதைப் படித்தபோது உணர்ந்தேன். கல்லீரலுக்கு நல்லது என்று இரண்டையும் சொல்லி வந்ததன் பின்னால் எவ்வளவு காலத்துக் கவனிப்பு இருந்திருக்கும்!

1996-இல் ப்ரஸ்கி என்னும் அறிஞர் இதை வெடீலியாவிலிருந்து எடுத்து ஸ்ஃபாக்னெட்டிகோலா என்ற பேரினத்தில் வைத்தார். எங்கள் வரப்புச் செடி ஸ்ஃபாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா ஆயிற்று. அதே பேரினத்தில் அவர் சேர்த்த இன்னொன்று ஸ்ஃபாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. மெக்சிகோவிலிருந்து கரீபியத் தீவுகள், தென்னமெரிக்க வெப்பநிலம் வரை அதன் சொந்த இடம். சிங்கப்பூர் டெய்சி என்று செடி விற்கிறவர்கள் சொல்வது இதைத்தான். வெற்றுத்தரையைச் சீக்கிரம் மூடும், ஆண்டு முழுக்க மஞ்சளாகப் பூக்கும் என்பதால் உலகமெங்கும் பூங்காக்களுக்குப் போனது. போன இடத்தில் எல்லாம் வேலியைத் தாண்டியது. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் என்று ஐ.யூ.சி.என். வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. விதை அதற்கு அவ்வளவு தேவையில்லை. வெட்டி எறிந்த ஒரு கணுத்துண்டு ஈரமண்ணைத் தொட்டால் போதும்.

நான் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எங்கள் பக்கத்து நர்சரி ஒன்றில் இந்தச் செடி கறுப்புப் பாலிதீன் பையில் வரிசையாக அடுக்கியிருந்தது. மேலே அட்டையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி, மூலிகை என்று எழுதியிருந்தார்கள். கேட்டால், பூ மஞ்சள்தானேம்மா, படம் போட்டுப் பார்த்தோம், இதேதான் வந்தது என்றார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். அவர்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு பூவின் முகப்படம் மட்டுமே. எங்கே வளர்ந்தது, தொட்டால் எப்படி இருக்கும், எப்படிக் கிள்ளுவார்கள் என்பது படத்தில் வராது. நல்ல எண்ணத்தோடு வாங்கிப்போய், தோட்டத்தில் வளர்த்து, தினமும் ஒரு பிடி அரைத்துக் குடிக்கிறவர்களை அதன் பிறகு நிறையச் சந்தித்திருக்கிறேன். ட்ரைலோபேட்டாவின் இலையில் கௌரினோயிக் அமிலம் முதலிய பொருள்கள் இருப்பதை ஆய்ந்திருக்கிறார்கள். அதற்கு அதன் ஊரில் வேறு பயன் இருக்கலாம். கீரையாகச் சமைத்துத் தலைமுறைகளாக உண்ட அனுபவம் நமக்கு மஞ்சள் கரிசாலையோடுதான் இருக்கிறது. பேரினம் ஒன்று என்பதற்காக ஒன்றின் குணத்தை மற்றதன் மேல் ஏற்றுவது நியாயமில்லை.

ஒரு பையை வாங்கிக்கொண்டு கும்பகோணம் கடைத்தெருவில் கீரை விற்கும் அம்மாவிடம் போனேன். பல வருஷப் பழக்கம். என்னைப் பார்த்ததும் முளைக்கீரைக் கட்டை எடுத்துவைப்பார். நான் செடியை நீட்டினேன்.

"இது எங்க புடுங்குனீங்க டீச்சர்?" முதல் கேள்வி அதுதான்.

விலைக்கு வாங்கியது என்றேன். வாங்கி இலையைத் தொட்டதுமே தலையை ஆட்டினார்.

"மினுக்குது பாருங்க. நம்ம கரிசாலை மினுக்காது. எல வழவழன்னு தடியா இருக்கு. நம்மளுது ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சா சொரசொரங்கும், எலையும் மெலிசு."

"இலை மூணா பிரிஞ்சிருக்கே, அத வச்சே சொல்லலாம்ல?" என்றேன்.

"அத மட்டும் நம்பாதீங்க. நெழல்ல கெடந்தா முழு எலையாவும் வரும். அடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு நாலஞ்சு எலயப் பாக்கணும். ஒரு எலயப் பாத்து வாங்கப்படாது."

நான் பையிலிருந்த குறிப்பேட்டில் மேத்யூவின் நூலையும் வேறு நூல்களையும் பார்த்து எழுதிவைத்திருந்த, இனம் காண உதவும் திறவுகோலை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். ட்ரைலோபேட்டா: இலை சதைப்பற்று, மேற்புறம் பளபளப்பு, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு மடல், பற்கள் ஒழுங்கற்றவை. கலெண்டுலேசியா: இலை குறுகி நீண்டது, இருபுறமும் படிந்த சொரசொர மயிர், விளிம்பு முழுமை அல்லது சில பற்கள். பூத்தலை முன்னதில் பெரிது, பின்னதில் சிறிது. கீரைக்காரம்மா சொன்னதில் ஒன்றும் விடுபடவில்லை. நாலைந்து இலையைப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் என் திறவுகோலில் இல்லை, அதை ஓரத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் இதையே காட்டிக்கொடுக்கிறேன். பூவை விட்டுவிட்டு முதலில் இலையைத் தேயுங்கள். பிறகு கொடியின் தண்டைப் பாருங்கள், வரப்புக் கரிசாலையின் தண்டு மெலிந்தது, நர்சரிச் செடியின் தண்டு சதைத்தது. நீள நெடுக நாலைந்து இலையைப் பாருங்கள். கடைசியில் பூ. பூத்தலையை முதலில் பார்த்தால் கண் அதிலேயே நின்றுவிடும். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் நீண்ட காம்பின் முனையில் ஒற்றைத் தலை, இரண்டிலும் கதிர்ச் சிறுமலரின் நுனியில் பல். முகம் இவ்வளவு ஒத்துப்போகிற செடிகளில் முகத்தை நம்பி என்ன பயன்? எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்கிறார்கள். அவர்களிடம் கைநிறைய இலையைக் கொடுத்துப் பார்ப்பதில் எனக்குத் தனி ஆசை.

என் இப்போதைய கவலை வேறு. தென்சீனத்தில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் இடங்களில் கலப்பினம் தோன்றியிருக்கிறது. அங்கே மஞ்சள் கரிசாலை மண்ணின் செடி, சிங்கப்பூர் டெய்சி வந்த செடி, நம் நிலைமையேதான். கலப்பின் இலையும் பூவும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அப்படி ஒன்று காவிரிப் படுகையில் வந்தால் கீரைக்காரம்மாவின் விரலுக்கும் என் திறவுகோலுக்கும் ஒரே நேரத்தில் சோதனை. வந்த செடி அடர்ந்து மூடி வரப்புச் செடியை வெளியே தள்ளுவது ஒருபுறம், கலந்து கலந்து அதைக் கரைத்துவிடுவது இன்னொரு புறம். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதே கடினம்.

எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தைச் சுற்றி அழகுக்காக நட்ட டெய்சி சாலையோர வடிகால் வழியாக இறங்கி வந்துவிட்டது. மஞ்சள் கரிசாலை நிற்கும் வரப்பு அதற்கு அதிக தூரத்தில் இல்லை. இடையில் ஒரு மதகும் ஒரு வாழைக்கொல்லையும்தான். வடிகாலில் இருப்பதைக் கணு விடாமல் வாரி எடுத்துக் காயவைத்து எரிக்க, கொல்லைக்காரரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அவருக்கு அது மாட்டுக்கு ஆகாத பூண்டு என்ற கோபம் ஏற்கனவே இருந்தது, எனக்கு வேலை எளிதாயிற்று. தாளடி அறுத்து வயலில் நீர் வடிந்ததும் மதகின் இரு பக்கமும் மாதிரி எடுக்கப்போகிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒவ்வொரு கொடியிலும் அடி, நடு, நுனி என்று இலைகளை அளந்து, தலையின் குறுக்களவு எழுதி, செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி உலர்த்துவதாகத் திட்டம். நடுவில் நிற்கிற இலை ஏதாவது கிடைத்தால் அதற்கு இரட்டைத் தாள் எடுத்து, ஒன்றைத் திருச்சிக்கும் ஒன்றைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியத்துக்கும் அனுப்ப வேண்டும். செடி அழுத்தும் பழைய பிரஸ்ஸின் வார் இற்றுப்போயிருந்தது, நேற்றுத்தான் புது வார் மாட்டினேன்.